யன்னலுக்குக் கீழே ஒரு குழந்தை வண்டி

என் மகன் வெளியே தூங்குகிறான். கறுப்புக் குழந்தை வண்டிக்குள், கம்பளிப் போர்வைக்கு வெளியே மூக்கு மட்டும் தெரிகிறது. தை மாதக் குளிர். டென்மார்க்கில் பிள்ளைகள் பகலில் இப்படித்தான் தூங்குவார்கள். வெளிக்காற்று நல்லது என்று தாதியும் சொல்கிறார், என் கணவரும் சொல்கிறார். சொல்லட்டும். நான் சமையலறைக்கும் யன்னலுக்குமாக அலைகிறேன். கையில் இருக்கும் தேநீர் எப்போதோ ஆறிவிட்டது. மேசையில் அம்மா வெங்காயம் உரிக்கிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் சிறுமியாக இருந்தபோது, இந்த நாட்டின் இஷொய் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அம்மா இப்படித்தான் அலைந்தார். அடுக்குமாடியில் நாலாம் மாடி எங்களுடையது. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு அப்பா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலம். கீழ்வீட்டு டெனிஷ் பெண் தன் குழந்தையை வண்டியோடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அம்மாவுக்கு அடுப்பில் கறி தீய்ந்தாலும் கண் யன்னலில்தான்.

"பெத்தவளுக்கு எப்பிடி மனம் வருது?"

"அது அவையின்ர பழக்கம். நீர் உம்மட பாட்டில இரும்," என்பார் அப்பா.

ஒரு பின்னேரம் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. யாரும் வரவில்லை. பனி தூறத் தொடங்கியது. அம்மா வீட்டுச் செருப்போடு கீழே ஓடினார். எங்கள் ஊரில் அழுகிற பிள்ளையை யார் தூக்கினாலும் கேள்வியில்லை. தூக்காமல் தாண்டிப் போனால்தான் கதை வரும். அம்மா தூக்கினார், மேலே கொண்டுவந்தார், ஹீட்டருக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கிப்போனது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அம்மாவின் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கீழே ஓர் அலறல் கேட்டது. அம்மா மலர்ந்த முகத்தோடு யன்னலைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்ச! இஞ்ச இருக்கிறார்!"

நாலாம் மாடி, திறந்த யன்னல், அம்மாவின் இரண்டு கைகளிலும் இன்னொருத்தியின் பிள்ளை. அந்தத் தாய் அப்போது போட்ட கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது.

பொலிஸ் வந்தது. வீட்டில் டெனிஷ் தெரிந்தவள் பள்ளிக்கூடம் போன நான் ஒருத்திதான். "அழுதது, தூக்கினனான் எண்டு சொல்லு. வேற என்னத்தைச் சொல்ல?" என்றார் அம்மா. எனக்குத் தெரிந்த டெனிஷில் அதைச் சொன்னேன். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. பொலிஸ்காரர் எச்சரித்துவிட்டு, பெயர் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

"விசா போச்சு," என்றார் அப்பா. "இனிப் பெட்டியைக் கட்டுவம்."

அதன்பிறகு கதவின் தபால் துவாரம் சத்தம் போட்டாலே மூன்று பேரும் கதவடிக்கு ஓடினோம். கடைசியில் விசா வந்தது. அந்தச் சம்பவத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் குழந்தை வண்டி இடம் மாறிவிட்டது. எங்கள் யன்னலுக்குத் தெரியாதபடி பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குப்பைதான் திடீரென்று கூடிவிட்டது. பை பாதிகூட நிரம்பியிருக்காது, "குப்பை போட்டிட்டு வாறன்" என்று கிளம்பிவிடுவார். மூக்குச் சிவந்து, வெகு நேரம் கழித்துத்தான் திரும்புவார்.

"கிட்டப் போனீரோ?" என்று அப்பா பதறுவார்.

"இல்லை. தள்ளி நிண்டுதான் பாத்தனான். போர்வை அசையுது. எனக்கு அவ்வளவு காணும்."

எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வரும். ஊரோடு ஒத்துப்போனால் என்ன என்று நினைப்பேன். இன்றைக்கு ஒத்துப்போய்விட்டேன், காலோ ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

பேரனை வெளியே தூங்கவைப்பதைப் பற்றி அம்மா இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது கத்தியை வைத்துவிட்டு எழுந்து, வெங்காயத் தோலை ஒரு பையில் அள்ளுகிறார்.

"குப்பையைப் போட்டிட்டு வரட்டோ, பிள்ளை?"

"ஓம், அம்மா."

யன்னலால் பார்க்கிறேன். தொட்டி ஒரு பக்கம் இருக்க, அம்மா குழந்தை வண்டியிலிருந்து தள்ளி நிற்கிறார். ஒரு கையில் பை. மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறார். கழுத்து மட்டும் முன்னால் நீள்கிறது.

நான் யன்னலைத் திறக்கிறேன்.

"அது உங்கட பேரன், அம்மா. தூக்குங்கோ."