மறுமொழிக்கு முன்

கொழும்புத்துறைக் கரையில் ஓட்டோ பழுதாகி நிற்கிறது. வெயிலுக்கு ஒதுங்க, கரண்ட் இல்லாத ஒரு மீன்வாடிக்குள் நுழைகிறேன். உள்ளே ஒரு பெண் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கிறார். கம்பத்தில் தொங்கும் சோலார் ரேடியோவில் தாய்மாருக்கான பாடம் போகிறது.

"பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் முதலில் என்ன கொடுப்பீர்கள்?"

அவர் கையை நிறுத்தி யோசித்து வாயைத் திறக்கிறார்.

"மிகச் சரி!" என்கிறது ரேடியோ. அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "உந்தாள் எப்பவும் உப்பிடித்தான் தம்பி. மறுமொழி சொல்ல முன்னம் சரியெண்டு சொல்லிப்போடும். நான் சொல்ல வந்தது பிழையெண்டால் பிள்ளையின்ரை கதி என்ன?"

அந்தக் குரல் என்னுடையது. தெற்கே கொழும்பு நகரில் ஒலிப்பதிவு செய்தபோது, பதிலுக்கு விட்ட இடைவெளிகளை நேரம் வீண் என்று வெட்டியதும் நான்தான்.

"தம்பி என்ன வேலை பாக்கிறியள்?" என்று கேட்கிறார்.

இதுவரை தலையாட்டியதோடு சரி. வாயைத் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அவருக்கு அவசரமில்லை. கையில் பிடித்த நண்டோடு, என் மறுமொழிக்காகக் காத்திருக்கிறார்.