எப்ப ஆரம்பிப்பாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் நகர் ஆண்டு விழாவில் ஒரு கச்சேரி முழுசாக நடந்து முடிந்தது. விசேஷம் என்னவென்றால், முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவருக்கும் கச்சேரி நடந்ததே தெரியாது.

தூங்கிவிட்டார்களா? இல்லை. கரண்ட் கட்டா? அதுவும் இல்லை. கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, காலால் தாளம்கூடப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஆனாலும் தெரியாது...

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் இவள் கதை விடுகிறாள் என்பீர்கள்.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் எங்களுடையதும் ஒன்று. ரோடு இன்னும் வரவில்லை, சங்கம் வந்துவிட்டது. சங்கம் என்றால் ஆண்டு விழா, ஆண்டு விழா என்றால் லைட் மியூசிக். வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். இந்த வருஷம் கமிட்டியில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அவங்களைக் கூப்பிடலாம்" என்றேன்.

செயலாளர் ஏகாம்பரம் சார் கேட்டார்: "பாடறது ரெண்டு பேரு, சரி. மொத்தப் பார்ட்டி எத்தனை பேரும்மா?"

"மொத்தப் பார்ட்டியே அந்த ரெண்டு பேருதான் சார்."

சிரித்தார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரித்தார். சரி, நேரில் பார்த்தால் புரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த இரண்டு பேரை எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் புண்ணியம். எங்கள் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் ஒரு தண்ணி லாரியில் சாய்த்தார். நசுங்கியதை நிமிர்த்தப் பூந்தமல்லியில் ஜமால் பாய் ஷெட்டுக்குப் போனேன். லாரி டிங்கரிங்தான் அவர் தொழில். ஸ்கூட்டர் வந்தாலும் விரட்டமாட்டார். ஷெட்டில் பாதி இடத்தில் ஒரு லாரி. மீதிப் பாதியில் ஒரு பழைய டிரம் செட். அதன் பின்னால் பாயின் மகள் ரஷீதா, சுடிதார் கையை முட்டிவரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் எலெக்ட்ரிக் கிடாரோடு அவள் சிநேகிதி தேவகி. ஆவடி சேக்காட்டுப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை.

வாசித்தார்கள் பாருங்கள்... தகர ஷெட் முழுக்க அதிர்ந்தது. கிடாருக்குள் இருக்கும் காயில் ஒருமுறை செத்துப்போய், தேவகி தன் கையாலேயே புதுசாகச் சுற்றிப் போட்டாளாம். அதிலிருந்து சத்தம் கரகரவென்றுதான் வருகிறது. "சரி பண்ணக்கூடாதா?" என்று கேட்டேன். "எதுக்குக்கா? இதான் நல்லா கீது" என்றாள்.

வெளிநாட்டில் இந்த மாதிரி இசைக்கு 'கராஜ் ராக்' என்று பெயராம். கார் நிறுத்துகிற ஷெட்டில் கூடி வாசித்து வளர்ந்ததாம். என் அக்கா மகன் சொன்னான். இவர்கள் இருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஷெட் இருந்தது, வாசித்தார்கள். அவ்வளவுதான்.

பாட்டெல்லாம் சொந்தம். ஒன்று மட்டும் சொல்கிறேன்:

*கேட்டு போட்டான் கேட்டு போட்டான்*
*கேட்டுக்கு அந்தாண்ட கம்பெனி*
*சங்கு ஊதிட்டான் சங்கு ஊதிட்டான்*
*கேட்டுக்கு இந்தாண்ட நான்*

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு ஷிஃப்டைத் தவறவிட்ட எவருக்கும் இதற்கு உரை வேண்டாம்.

ஆனால் ஷெட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஒரு லாரிக்காரர் பாய்க்கு நிரந்தரமாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். எப்போதும் இரண்டு லாரி ஷெட்டில் நிற்கவேண்டும். அதாவது டிரம்ஸ் வெளியே போகவேண்டும். வெளியே என்றால் எங்கே? தேவகி வீடு ஒற்றை அறை. ரஷீதா வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஷெட் போனால் எல்லாம் போச்சு.

பாய் முரடர் இல்லை. ஒரு வாய்ப்பு கொடுத்தார். "ஊர் ஜனத்துக்கு முன்னாடி ஒரு தபா வாசிங்க. கடைசிவரைக்கும் எழுந்து பூடாம கேட்டாங்கன்னா பாதி ஷெட்டு உங்களுது. எழுந்து பூட்டாங்கன்னா லாரியோடது." அதற்காகத்தான் நான் கமிட்டியில் மல்லுக்கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாய் கடைசி வரிசையில், சைக்கிள்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேடை ஏறினார்கள், தாங்களே ஒயரை மாட்டினார்கள், நேராக முதல் பாட்டில் இறங்கிவிட்டார்கள். வணக்கம் கிடையாது. சாமி பாட்டு கிடையாது. வெள்ளை பேன்ட் போட்ட அறிவிப்பாளர் கிடையாது.

இரண்டாவது பாட்டில் பக்கத்து நாற்காலி கற்பகம் என் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க்கா, எப்ப ஆரம்பிப்பாங்க?"

சுற்றிப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் அதே பொறுமை. நம் ஊரில் மைக் டெஸ்டிங் எவ்வளவு நேரம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். லேடீஸ் ரெண்டு பேர் முன்னால் வந்து ஒயர் மாட்டிச் சரிபார்க்கிறார்கள், பார்ட்டி பின்னால் வேனில் வருகிறது என்று கூட்டமே முடிவுகட்டியிருந்தது.

"இதான்டி கச்சேரி" என்றேன்.

"சும்மா இருங்கக்கா" என்று கடலையை நீட்டினாள்.

பின்னால் ஒருவன் தன் சிநேகிதனிடம் சொன்னது அதைவிட அழகு. "மாமே, டெஸ்டிங்கே இப்டி கீதே, கச்சேரி எப்டி இருக்கும்?"

கையிலிருந்த பாட்டுகள் எல்லாம் தீர்ந்தன. கடைசி அடி விழுந்தது. ஒரு கைத்தட்டல் இல்லை. டெஸ்டிங்குக்கு யார் கை தட்டுவார்கள்? ஏகாம்பரம் சார் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். "ஒலி சரிபார்த்த சகோதரிகளுக்கு நன்றி. இசைக்குழுவினர் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள்."

அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம்... எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். தேவகி கிடாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "வாங்கக்கா, போலாம்."

ரஷீதா நகரவில்லை. "இன்னாத்துக்குப் போவணும்? ஒருத்தனாவது எழுந்து போனானா? அத்தா சொன்னது நடந்துடுச்சே."

"அவங்க நம்மளையா கேட்டாங்க? அது ஏமாத்து வேலை ரஷீ."

அதற்குள் பாயே வந்து நின்றார். மகளைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "செல்லாதும்மா. பஸ்ஸுக்குக் காத்துகினு இருந்தவன்லாம் பஸ் ஸ்டாண்டைப் பாக்கவா வந்தான்?"

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். ரஷீதா மட்டும் அப்பாவை நேராகப் பார்த்தாள். "சரி. அப்போ பஸ்ஸை எடுக்கறோம்."

திரும்பி மேடைக்குப் போனாள். ஏகாம்பரம் சார் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினாள். "வணக்கம். நாங்க ரெண்டு பேருதான். பின்னாடி யாரும் வரல. இப்ப ஆரம்பிக்கறோம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. தேவகி ஒயரை மறுபடி மாட்டினாள். என்ன வாசிப்பார்கள்? இருந்ததே அவ்வளவு பாட்டுதானே? அதே பாட்டுகளைத்தான் மறுபடியும் எடுத்தார்கள், முதல் பாட்டிலிருந்து. ஒன்ஸ்மோர் என்று எவரும் கேட்காமலே மொத்தக் கச்சேரியையும் ஒன்ஸ்மோர் வாசித்த குழுவை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் பாட்டிலேயே பின்னால் மூன்று பையன்கள் எழுந்து வெளியே போனார்கள். பாய் திரும்பி அவர்களைப் பார்ப்பதை நான் பார்த்தேன். போச்சு, லாரிக்குப் போச்சு ஷெட் என்று நினைத்தேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் மூவரும் டீக்கடையிலிருந்த கும்பலையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கேட்டுப் பாட்டு வந்தது. தேவகி முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியைப் பாட வாயைத் திறப்பதற்குள் கூட்டம் பாடிவிட்டது. ஆமாம், ஏற்கெனவே ஒருமுறை கேட்டவர்கள் ஆயிற்றே? 'அந்தாண்ட' என்று டீக்கடைக் கும்பல் ரயில் பாதை இருக்கிற திசையில் கையை நீட்டிப் பாடியது. கற்பகம் கடலைப் பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். மேடையில் தேவகி சிரித்தபடி பாடுவதையே விட்டுவிட்டாள். ரஷீதா மட்டும் அடித்துக்கொண்டே இருந்தாள், இதெல்லாம் முன்பே தெரியும் என்கிற மாதிரி.

அதற்கப்புறம் கடைசிப் பாட்டு முடிகிறவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. பாய் டிரம்ஸைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. அன்றைக்குக் கூட்டம் செய்தது புதிதா என்ன? காலிங் பெல் அடிக்கிறது. நான்தான் கதவைத் திறக்கிறேன். முழு ஆளாக எதிரில் நிற்கிறேன். வந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "வீட்ல யாரும் இல்லையா?" இதற்கு எத்தனை நாள் "இல்லைங்க, வெளியே போயிருக்கார்" என்று பவ்யமாகப் பதில் சொல்லியிருக்கிறோம்? ரஷீதா சொன்னதைச் சொல்லிப் பாருங்களேன். பின்னாடி யாரும் வரல. நான்தான். நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கேஸ் சிலிண்டர்காரர் கொஞ்சம் மிரண்டுதான் போனார், பரவாயில்லை, பழகிக்கொள்வார்.

நேற்று மத்தியானம், விழாவில் எடுத்த போட்டோவைக் கொடுக்கப் பூந்தமல்லிக்குப் போனேன். பாய் என்ன முடிவு எடுத்தார் என்று தெரியாமல் ஒரே படபடப்பு. தெரு முனையிலேயே தெரிந்தது, ஒரு லாரி ஷெட்டுக்கு வெளியில் நின்றது. அதன் கதவைத் தரையில் போட்டு, உச்சி வெயிலில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பாய் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், இந்த வெயில்ல வெளியே உக்காந்து தட்டறீங்க?"

ஷெட்டுக்குள்ளிருந்து கரகரவென்று கிடார் சத்தம் கிளம்பியது. அவர் நிமிராமலே சொன்னார்.

"உள்ள வேலை நடக்குதும்மா."