ரூபினியின் கடைவாய்ப் பல்

ரூபினி ஜொகூர் மாநிலத்தின் சாஆ என்ற சிற்றூரில் வளர்ந்தவள். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா பேச்சியம்மாள் பள்ளிக் கேன்டீனில் சமைத்தார். பல் மருத்துவம் படிக்க ஜொகூர் பாருவுக்கு வந்தபோது, தன் பற்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. ஒரு சொத்தைகூட இல்லை.

மூன்றாம் ஆண்டில் ஈறு நோயைக் கண்டுபிடிக்கும் பயிற்சி தொடங்கியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கில், கோடு போட்ட மெல்லிய கம்பியை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதைத் தாண்டினால், உள்ளே எலும்பு கரைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அழுத்திக் குத்தினால் நல்ல ஈறுகூட ரத்தம் காட்டிவிடும். அதனால் மாணவர்கள் முதலில் தங்கள் நகத்தடியிலேயே கம்பியை விட்டு, வலிக்காத அளவுக்கு அழுத்திப் பழகினார்கள்.

பிறகு ஒருவர் வாயை ஒருவர் பார்க்கும் நாள் வந்தது. ரூபினிக்கு ஜோடி அவளுடைய தோழி, அதே நகரின் தம்போய்ப் பகுதியைச் சேர்ந்த ஷாஸியா. ரூபினி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். ஷாஸியா எண்களைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவி கணினியில் பதிந்தாள்.

"ரெண்டு, மூணு, ரெண்டு."

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் குரல் நின்றது. ஷாஸியா கம்பியை எடுத்துவிட்டு மறுபடி இறக்கினாள்.

"சாரி ரூபி, நான் அழுத்திட்டேன் போல. மூணு."

ரூபினிக்கு வலி எதுவும் தெரியவில்லை. வாய் திறந்திருந்ததால் அதைச் சொல்லவும் முடியவில்லை. ஷாஸியா அடுத்த பல்லுக்குப் போகாமல், அழுத்தாமல் இன்னொரு முறை இறக்கிப் பார்த்தாள்.

"இல்ல, மூணு போடாத. ஆறு," என்றாள் தணிந்த குரலில். "டாக்டர், கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

விரிவுரையாளர் டாக்டர் தேன்மொழி தானே அளந்து பார்த்தார். "ஆறுதான். ஷாஸியா கை சரியாத்தான் இருக்கு."

எக்ஸ்ரேயில் அந்தப் பல்லை ஒட்டிய எலும்பு கரண்டியால் தோண்டியதுபோல் குழிந்திருந்தது.

"வெளிய அழுக்கே இல்ல, அதான் யாருக்கும் தெரியல," என்றார் டாக்டர். "இளவயசுலயே வர்ற வகை இது, ரூபினி. குடும்பத்துல யாருக்காச்சும் சீக்கிரமே பல்லு ஆடிச்சா?"

ரூபினிக்கு அம்மாவின் பல்செட் நினைவுக்கு வந்தது. சாயங்காலமே போன் போட்டாள்.

"ஆமா, ஒங்க அண்ணன் பொறந்தப்பவே ஆட ஆரம்பிச்சிருச்சி," என்றார் பேச்சியம்மாள். "பிள்ள பெத்தா அப்படித்தான்னு சொன்னாங்க. நானும் விட்டுட்டேன்."

அன்று ரூபினி சரியாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டராகப் போகிறவளுக்கே பல் விழுந்துவிடுமோ என்ற பயம். ஆனால் சிகிச்சை உடனே தொடங்கியது. ஈறுக்கு அடியில் படிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஷாஸியா கூடவே வந்து உட்கார்ந்தாள்.

குடும்பத்தில் தொடர்கிற நோய் என்பதால், அடுத்து அண்ணனைப் பிடித்து அளக்க வேண்டியிருந்தது. ஹேமநாதன் ஜொகூர் பாருவிலேயே பெர்மாஸ் ஜெயாவில் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவன்.

"எனக்கு வலியே இல்ல லா," என்றான்.

"எனக்கும்தாண்ணே வலிக்கல."

அவன் வந்தான். இந்த முறை கம்பியைப் பிடித்தது ரூபினி. மேல் கடைவாயில் ஓரிடத்தில் ஐந்து காட்டியது. எலும்பு அவ்வளவாகக் கரையவில்லை. "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க," என்றார் டாக்டர் தேன்மொழி.

சில மாதங்கள் கழித்து ஷாஸியா மறுபடி ரூபினியை அளந்தாள். ஆறு நான்காக இறங்கியிருந்தது, ரத்தமும் வரவில்லை. இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கொரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.

ரூபினி இப்போது இறுதியாண்டு. நோயாளியின் வாயில் ஆழம் கூடுதலாகக் காட்டினால் உடனே கையை நிறுத்தி, என்ன எண், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பல்லுக்குப் போவாள். வாயைத் திறந்துகொண்டு, கேட்க முடியாமல் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

போன பள்ளி விடுமுறையில் பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்தார். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

"இருக்கிறதே கொஞ்சம். அதயும் நல்லா பாத்து சொல்லு," என்றார்.

ரூபினி விளக்கைத் திருப்பி, ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தாள். மிச்சமிருந்த பற்களில் ஒன்றுகூட ஆடவில்லை.