மாமன் இல்லையென்று எழுதினேன்

இசையியலில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அப்ப அரங்கேற்றம் எப்ப?" என்றுதான். நான் பாடுவதில்லை, பாட்டைப் பற்றித்தான் படிக்கிறேன் என்று விளக்கினால் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். சமைக்கத் தெரியாமல் சமையலைப் பற்றிப் படிக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அம்மாவுக்கும் அதே கவலைதான். கோயிலில் யாராவது விசாரித்தால், "மகள் மியூசிக்கிலை டொக்டருக்குப் படிக்கிறா" என்று இரண்டு படி ஏற்றிச் சொல்லிவிடுவார். நான் திருத்த வாயெடுத்தால் காலில் மிதிப்பார்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, மகளுக்கு ஒன்றரை. கணவருக்கு இங்கே கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. விடியமுன்னம் போய்விடுவார். அம்மாவுக்கு முழங்கால் நோ, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க இயலாது. ஆகவே பிள்ளையை விட ஓர் இடம் கிடைத்தால்தான் எனக்குப் படிப்பு. லொங்குய்யில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தன் வீட்டிலேயே கார்டெறி, அதாவது பிள்ளை பராமரிப்பகம், நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கீழ்த்தளத்தில் ஆறு சின்ன மெத்தைகள், ஆறு பிள்ளைகள். என் மகள் ஆறாவது.

பதிவு செய்யும்போது அக்கா ஒரு கொப்பியை எடுத்து வரிசையாகக் கேட்டார். ஊசி எல்லாம் போட்டாச்சோ? ஒத்துவராத சாப்பாடு உண்டோ? அவசரத்துக்கு ஆரைக் கூப்பிட? பிறகு தலையை நிமிர்த்தாமலே, "பிள்ளைக்கு எத்தினை மாமன்?" என்றார்.

அரசாங்கம்தான் கேட்கச் சொல்கிறதோ என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கள் வீட்டில் மூன்றும் பெண். மாமன் ஒருவரும் இல்லை என்றேன்.

"ஒண்டும் இல்லையோ?" அக்கா பேனாவை வைத்துவிட்டு என் மகளைப் பாவமாகப் பார்த்தார். "சரி, பாப்பம். அதுக்கு ஒரு வழி செய்வம்."

கேள்வி எதற்கு என்று இரண்டு வாரம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு நாள் வகுப்பு இல்லாததால் மத்தியானமே மகளைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகளை நித்திரையாக்கும் நேரம். அக்கா நடுவில் சப்பாணி கட்டி இருந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவருவது தெரிந்ததுதான். ஆனால் இந்தத் தாலாட்டில் ஹெய்ட்டிக்காரப் பிள்ளையின் மாமன் பனி வழிக்கும் வண்டியில் வந்து வாசலைத் துப்புரவாக்கிவிட்டுப் போனார். கியூபெக் பிள்ளையின் மாமன் மேப்பிள் மரத்து இனிப்புப் பாணியைத் தகரம் தகரமாக இறக்கினார். அல்ஜீரியப் பிள்ளைக்கு இரண்டு மாமன்மார். அவர்கள் பேரீச்சம்பழப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமன் வரும் இடத்தில் அந்தந்தப் பிள்ளை கண்ணை மூடியபடியே சிரித்தது. தமிழ் ஒரு சொல் தெரியாத பிள்ளைகள் தங்கள் மாமனின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நித்திரைக்குப் போனார்கள்.

நான் படியில் சப்பாத்தைக் கழற்ற மறந்து நின்றேன். ஒரு வருடமாக ஆய்வுக்குத் தலைப்புத் தேடி நூலகத்தில் உலைந்தவள் நான். தலைப்பு வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிப் பகல் நித்திரை கொண்டிருந்தது.

அக்கா பதிவு செய்ய உடனே சம்மதித்தார். "பாட்டுத்தானே, பாடுறன். ஆனால் பிள்ளையள் முழிச்சால் உம்மைத்தான் ஆட்ட விடுவன்" என்றார். ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் ஒலிப்பதிவுக் கருவியை மெத்தைக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதி நாள் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், மீதி நாள் யாராவது ஒருவரின் மூக்கடைப்பு. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அடியையும் கணினியில் போட்டுச் சுரம் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்று அளப்பேன். "தாலாட்டை இப்பிடி வெட்டிக் கொத்தினால் பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளும்?" என்று அம்மா கேட்பார்.

அளந்ததில் ஒன்று அகப்பட்டது. மற்ற மாமன்மார் எல்லாரும் நாலு அடியில் வந்து, சீரைக் கொடுத்துவிட்டு, போய்விடுவார்கள். என் மகளுக்குப் பாடும்போது மட்டும் கிளிநொச்சியிலிருந்து லொறி ஓட்டிக்கொண்டு ஒரு மாமன் வந்தார்.

லொறி கொண்டு மாமன் வாறான்
கறுத்தக்கொழும்பான் கொண்டு வாறான்

என்று மாம்பழத்தோடு தொடங்கினால் அவர் பன்னிரண்டு அடிக்கும் குறையாமல் நிற்பார். கடைசிச் சுரம் கீழே இறங்கி நெடுநேரம் நிற்கும். எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம். என் மகளுக்கு மாமன் இல்லை. ஆகவே இவர் கற்பனை மாமன். இல்லாத ஒருவரை இருக்கிறார் என்று நம்பவைக்கக் குரலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது! இதைச் சுற்றி முப்பது பக்கம் எழுதினேன். 'கற்பனை மாமன்' என்று அத்தியாயத்துக்குப் பெயரும் வைத்தேன். என் பேராசிரியர் பக்க ஓரத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அந்த மனுசியிடமிருந்து ஒரு ஆச்சரியக்குறி வாங்குவதே பெரும்பாடு.

ஒரேயொரு வேலைதான் மிச்சம். ஒருவரின் குரலை ஆய்வில் பயன்படுத்த அவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வாசலில் நின்றபடியே போட்டுத் தந்தார்கள். அக்கா படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, அலுமாரிக்கு மேலே வைத்தார். "ஓம், பாப்பம்" என்றார்.

எங்கள் ஆட்களின் வாயில் "பாப்பம்" வந்தால் காரியம் நடக்காது என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, கையெழுத்து இந்தக் கிழமை வந்துவிடும் என்று பேராசிரியருக்கு எழுதினேன். கிழமைகள் போயின. அக்கா தேத்தண்ணி தந்தார், வடை தந்தார், மகளுக்குத் தலை பின்னிவிட்டார். படிவத்தைப் பற்றிக் கேட்டால் ஏதாவதொரு பிள்ளைக்கு உடனே மூக்குத் துடைக்க வேண்டி வந்துவிடும்.

"கையெழுத்துத்தானே? நான் போட்டுத் தாறன். ஆர் பாக்கப் போகினம்?" என்றார் அம்மா. எங்கள் பள்ளிக்கூட அறிக்கைகளில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட அழகாகப் போட்டவர் அவர். கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வே இல்லை, கோடைக்குள் கொடுக்காவிட்டால் இரண்டு வருடமும் வீண் என்று நான் அழுத அன்று, உண்மையாகவே பேனாவோடு வந்து நின்றார். நான் கத்திய கத்தில் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அக்காவுக்குப் பயம் போகட்டும் என்று ஒரு மத்தியானம் அத்தியாயத்தைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் நித்திரை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பனி வழிக்கும் மாமனுக்குச் சிரித்தார். பேரீச்சம்பழ மாமன்மாருக்குத் தலையாட்டினார். பிறகு, லொறி மாமன் உண்மையில் இல்லாத ஆள் என்று வாசித்தேன்.

"ஆர் சொன்னது?" என்றார் அக்கா.

"அக்கா, எனக்குத்தான் அண்ணன் தம்பி இல்லையே..."

"உமக்கு இல்லை. எனக்கு இருக்கிறான். என்ர தம்பி. உம்மட பிள்ளைக்கு மாமன் இல்லையெண்டு என்ர தம்பியைக் குடுத்தன். நீர் அவனை இல்லையெண்டு எழுதிப்போட்டீரே." குரல் உயரவில்லை. பிள்ளைகள் நித்திரை. "அவனை இல்லையெண்டு எழுதின ரெண்டாம் ஆள் நீர். முதல் ஆள் நான்தான்."

அப்போதுதான் சொன்னார். தாயும் தகப்பனும் செத்தபிறகு, பதினாலு வயதுத் தம்பியைச் சித்தியிடம் விட்டுவிட்டு இருபத்து நாலு வயதில் இங்கே வந்திருக்கிறார். அகதிப் படிவத்தை நிரப்பியவன் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன். தம்பி என்று எழுதினால் அவன் இயக்கத்தில் இருக்கிறானோ என்று கேள்வி வரும், இல்லையென்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாத மொழி. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்துத் தம்பியைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, ஓர் அதிகாரி அந்தப் பழைய தாளை மேசையில் திருப்பி வைத்து, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டாராம்.

"என்ர கையெழுத்துத்தான். ஓம் எண்டன். வேற என்ன சொல்ல?" என்றார் அக்கா. "பேந்து விளங்கப்படுத்தி முடியிறதுக்குள்ள அவனுக்குப் பதினெட்டுத் தாண்டிட்டுது. அதுக்குப் பிறகு தம்பியெண்டு கூப்பிட ஏலாதாம். இப்ப கிளிநொச்சியிலை லொறி ஓடுறான். ரெண்டு தரம் போய்ப் பாத்தனான். என்னிலை கோவமில்லையாம். கோவப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆறு மாதம் அந்தக் குரலை நொடிநொடியாக அளந்திருக்கிறேன். அந்தச் சுரம் ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று கேட்க ஒரு தரமாவது வாயைத் திறந்தேனா? இல்லாத ஒருவனுக்காக நீண்ட குரல் என்று எழுதினேன். இருக்கிறவனுக்காக நீண்ட குரல் அது. அக்காவின் முன்னால் முழந்தாளிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "எழும்பும், எழும்பும், பிள்ளையள் முழிக்கப் போகுதுகள்" என்றார்.

அன்றிரவு பேராசிரியருக்கு உண்மையை எழுதினேன். அத்தியாயம் பிழை, கையெழுத்தும் இல்லை, அக்காவிடம் இனிக் கேட்கவும் மாட்டேன் என்று. அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: பிழையென்று தெரிந்தால் திருத்துங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். கியூபெக்காரருக்கும் "பாப்பம்" உண்டு போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திருத்தினேன். மூன்று கிழமையில் முப்பது பக்கத்தையும் தலைகீழாக எழுதினேன். அம்மா ஒன்றும் கேட்காமல், முழங்கால் நோவோடு மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே நடந்தார். அவருடைய கோபமும் அத்தோடு போயிற்று.

புதிய அத்தியாயத்தைக் கையோடு கொண்டுபோனது படிவத்துக்காக அல்ல. வாசித்துக் காட்டாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். நாலு மடிப்பும் அப்படியே இருந்தன.

"இதிலை எழுத இடமிருக்கோ?"

கீழே, குறிப்புகள் என்று ஒரு பெட்டி காலியாக இருந்தது. காட்டினேன்.

"எழுதும். பாடினவவுக்கு ஒரு தம்பி இருக்கிறான் எண்டு எழுதும். இங்கிலிசிலையும் எழுதும், பிரெஞ்சிலையும் எழுதும். எந்த அதிகாரி வாசிச்சாலும் விளங்க வேணும்."

இரண்டு மொழியிலும் எழுதினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளங்காத அந்த இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார். தம்பி என்ற சொல்லை இரண்டு மொழியிலும் காட்டிய பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

ஆய்வை வாசித்த வெளிப் பரிசோதகர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, ஒரேயொரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பின்னிணைப்பில், பாடகர் பற்றிய விபரத்தில், 'அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார்' என்ற வரி. இசையியல் ஆய்வுக்கு இது அவசியமா என்று கேட்டிருந்தார். நான் பணிவானவள் அல்ல என்றாலும் பணிவாகவே பதில் எழுதினேன்: அந்த வரியை எடுத்தால் மற்ற எல்லாப் பக்கங்களையும் எடுக்க வேண்டிவரும். வரி இருக்கிறது.

கட்டிய பிரதியை லொங்குய்க்குக் கொண்டுபோன அன்றும் பிள்ளைகள் நித்திரைதான். அக்கா வேறு எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. தம்பி இருக்கிற அந்த வரியுள்ள பக்கத்தை விரித்து மேசையில் வைத்து, நிழல் விழாமல் யன்னல் பக்கம் திருப்பி, போனில் படமெடுத்துக் கிளிநொச்சிக்கு அனுப்பினார்.

"அவனுக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

"எனக்கும் அண்டைக்கு வாசிக்கத் தெரியாது" என்றார் அக்கா. "இண்டைக்கு இது என்ன எண்டு அவனுக்கு நான் சொல்லுவன்."