கல் வைத்த மரம்

ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் எங்கள் பக்கம் ஒருவனைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எல்லாரும் மக்கே. மக்கே இல்லாதவன் மக்கே வீட்டில் பெண் எடுத்தவன். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. என்னைக் கிடா ஹெக்டர் என்பார்கள். ஆடு வளர்ப்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்; வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு. நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. வேன் டோலினாவைப் பற்றி.

டோலினா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். நான் பாதியில் எழுந்து போனேன், அவள் முழுசாகப் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்ட வந்தாள். அவள் புருஷன் கென்னி எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கடலுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. செத்துப்போனான் என்று நினைத்துவிடாதீர்கள். அபர்தீனில் ஒரு பல் டாக்டரம்மாவோடு நன்றாகத்தான் இருக்கிறான். "அவனுக்குப் பல்லு எப்பவுமே சொத்த. போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கான்" என்பாள் டோலினா. அழுததை நான் பார்த்ததில்லை.

ஊரில் பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, அந்தப் பழைய வேனை அவளே வாங்கிக்கொண்டாள். தெற்கேயிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கரையோரம் போவாள். எங்கள் கரை முழுக்கப் பாறை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே சின்னச் சின்னதாக வெள்ளை மணல். காலையில் கதவைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். வடக்கே அடித்தால் ஒரு மணல், மேற்கே அடித்தால் இன்னொரு மணல். பாட்டுப் பெட்டி வைக்கக் கூடாது, சிப்பியைத் தவிர எதையும் எடுக்கக் கூடாது, அவள் போடும் தேநீரைக் குறை சொல்லக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டவர்களைத்தான் ஏற்றுவாள். அவள் தேநீர் மோசம் என்பது வேறு விஷயம்.

வர வர எல்லா மணலுக்கும் கார் நிறுத்துமிடம் வந்துவிட்டது. வீடு மாதிரி வண்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கிறார்கள். மிச்சமிருந்தது ட்ராய் வான் என்கிற மணல் ஒன்றுதான். அங்கே கார் போகாது. வேனை நிறுத்திவிட்டுச் சேற்று நிலத்தில் நடந்து, ஒரு ஓடையைப் பாலத்தில் தாண்டி, மேடு ஏறி இறங்கினால் ஆள் அரவமே இல்லாத மணல். டோலினாவைத் தேடி வருகிறவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள்.

போன குளிர்காலப் புயலில் அந்தப் பாலம் போயிற்று. ஒரு பலகை கூட மிஞ்சவில்லை.

பாலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டதற்கு, வரிசையில் இருக்கிறது, மூன்று வருஷம் ஆகலாம் என்றார்கள். மூன்று வருஷம் டோலினா காற்றைக் குடித்துக்கொண்டா இருப்பாள்? இன்வர்னஸில் இருக்கும் அவளுடைய அக்கா பெக்கிக்குச் செய்தி போனதும், ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை பேசி வைத்துவிட்டாள். முடிவு சொல்ல, கோடையில் ஆடுகளுக்கு மயிர் வெட்டும் காலம் வரை தவணை. அது ஏன் என்றால், அதுவரைக்கும்தான் நான் உதவுவதாகச் சொல்லியிருந்தேன். என் டிராக்டருக்குப் பின்னால் ஆடு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதில் வேனில் வருகிறவர்களை நிற்க வைத்து ஓடையைத் தாண்டி இறக்கிவிடுவேன். மயிர் வெட்டும் வேலை தொடங்கிவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ஒரு பாலம் வேண்டும், இல்லாவிட்டால் டோலினா துணி மடிக்கப் போக வேண்டும். அவளுக்குச் சொந்தத் துணியையே மடிக்கத் தெரியாது.

பாலத்துக்குப் பலகை கிடைத்துவிடும். தூலம்தான் கிடைக்காது. எங்கள் பக்கம் மரமே கிடையாது, காற்று விடாது. மரம் என்றால் அது கடலில் மிதந்து வர வேண்டும்.

ஈஸ்டர் கழிந்த வாரம் அப்படி ஒரு மரம் வந்தது. டோலினா ட்ராய் வானின் அந்தக் கோடிக்கு நடந்தபோது, அலை ஏறும் கோட்டுக்கு மேலே அது கிடந்தது. எந்த நாட்டு மரமோ, பட்டை உரிந்து, நீளமாக, நூல் பிடித்த மாதிரி நேராக. ஓட்டமாக ஓடியிருக்கிறாள். கிட்டே போனதும் நின்றுவிட்டாள். மரத்தின் மேல் ஒரு தட்டைக் கல் இருந்தது.

கல் இருந்தால் அந்த மரத்துக்கு ஆள் இருக்கிறது. கரையில் ஒதுங்கியதை முதலில் பார்த்தவன் கல்லை வைத்துவிட்டுப் போவான். எப்போது முடிகிறதோ அப்போது வந்து எடுத்துப் போவான். பக்கத்து வீட்டில் கோழி திருடுகிறவன் கூட கல் வைத்த மரத்தைத் தொடமாட்டான். வைத்தவனிடம் போய் எனக்குக் கொடு என்று கேட்பதும் இல்லை. அது அவன் தட்டில் கை வைக்கிற மாதிரி.

யார் வைத்தது என்றுதான் விசாரித்தாள், கொடுக்கும்படி கேட்கவில்லை. ஆள் தெரிந்தால், அவராகப் பார்த்து ஏதாவது சொல்லமாட்டாரா என்ற நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே ஆரம்பித்தாள். நண்டு பிடிக்கும் வில்லி கன், தான் வைக்கவில்லை என்றான். அவன் என்னைச் சந்தேகப்பட்டான், நான் அவனைச் சந்தேகப்பட்டேன், ஊர் எங்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டது. வாரக்கணக்கில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நல்ல மரத்தை மழையில் போட்டுவைத்துவிட்டு வாய் மூடிக்கொண்டிருக்கும் கல்நெஞ்சன் எவன் என்று தபால்காரன் வரைக்கும் பேசினார்கள்.

ஜூன் பிறந்ததும் மிஸஸ் கிளெக் வந்தார். தெற்கே ஓல்டம் ஊரில் ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குட்டையான ஆள், குரல் மட்டும் பெரிது. வருஷத்துக்கு இரண்டு முறை டோலினா வேனில் வருவார், ஈஸ்டருக்கும் வந்திருந்தார். என் இரும்புப் பெட்டியில் நின்றுகொண்டு, ஆடுகள் எந்த வகுப்பில் பயணம் செய்யும் என்று என்னைக் கேட்டார். நான் வண்டி ஓட்டும்போது பேசுவதில்லை.

மணலில் இறங்கியதும் மற்றவர்கள் தண்ணீருக்குப் போக, இவர் மட்டும் நேராக அந்தக் கோடிக்கு நடந்தார். மரத்தின் மேல் உட்கார்ந்தார். நனைந்த காலுறையைக் கழற்றினார். கல்லை ஒரு கையால் தூக்கி, காலுறையை விரித்து, காற்றில் பறக்காமல் கல்லை அதன் மேல் வைத்தார். ஃப்ளாஸ்க்கோடு பின்னால் போன டோலினா அப்படியே நின்றாள்.

"அந்தக் கல்ல நீங்களா வச்சீங்க, மிஸஸ் கிளெக்?"

"ஆமாம்மா. ஈஸ்டருக்கு வந்தப்ப சாக்ஸ் காயப் போட்டேனே. நல்ல கல்லு, இல்ல?"

டோலினா சும்மா இருந்திருக்கலாம். வெளியூர் அம்மா ஒருத்தி காலுறைக்கு வைத்த கல், அதற்கு மதிப்பில்லை என்று மரத்தை அன்றைக்கே இழுத்து வந்திருக்கலாம். அவள் என்ன செய்தாள் என்றால், தேநீரை ஊற்றிக்கொடுத்துவிட்டு, எங்கள் வழக்கம் இன்னது, இந்த மரம் உங்களுடையது என்று முழுசாக விளக்கிச் சொன்னாள். பாலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மிஸஸ் கிளெக்குக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். பிறந்தது வாடகை வீடு, வாழ்ந்தது வாடகை வீடு, ஒரு பூந்தொட்டி வைக்கச் சொந்தமாக இடம் இருந்ததில்லை. இப்போது கடலைப் பார்த்த மாதிரி ஒரு முழு மரம். தடவித் தடவிப் பார்த்தாராம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்ன கேட்பது என்று டோலினா என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் என் வீட்டுச் சமையலறையில் வில்லி கன் மேசையைத் தட்டினான். ஊர் வழக்கம் ஊர்க்காரனுக்குத்தான், அந்த அம்மா நாளைக்கு ரயிலேறிவிடும், அதன்பின் மரத்தை எடுத்துக்கொள், யார் கேட்கப்போகிறார்கள் என்றான்.

"வச்சது எந்த ஊரு ஆளுன்னு கல்லுக்குத் தெரியுமா வில்லி?" என்றாள் டோலினா. "இன்னைக்கு அவங்க கல்ல எடுத்தா, நாளைக்கு உன் கல்ல எவனாவது எடுப்பான். அப்ப நீ யாரு வீட்டு மேசையத் தட்டுவ?"

வில்லி கையை எடுத்துக்கொண்டான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமாமே என்று டோலினா பொதுவாகக் கேட்டாள். நான் இன்னொரு உருளைக்கிழங்கை உரித்தேன்.

ராத்திரி பெய்த மழையில் மறுநாள் காலை ஓடை கறுப்பாகப் பொங்கி ஓடியது. டிராக்டர் இறங்கினால் கடலில்தான் போய் நிற்கும். முடியாது என்று சொல்லிவிட்டேன். வேனில் வந்தவர்கள் ஓடைக்கரையில் நின்றார்கள். கடிப்பூச்சிகள் காது, மூக்கு என்று பார்க்காமல் மொய்த்தன. மிஸஸ் கிளெக்குக்கு மத்தியானம் ரயில். தன் மரத்தின் மேல் ஒரு தரம் உட்கார்ந்துவிட்டுப் போக ஆசையாக வந்திருந்தார்.

"முன்னாடி இங்க ஒரு பாலம் இருந்துச்சே, புதுசு போடலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். டோலினா ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே மூடியிருந்த மூடி.

எனக்குப் பொறுக்கவில்லை. பூச்சிக் கடி வேறு.

"பாலம் அந்தப் பக்கம் கெடக்கும்மா. அதுமேலதான் நீங்க சாக்ஸ் காயப் போடுறீங்க" என்றேன்.

டோலினா என்னைப் பார்த்த பார்வையில் என் ஆடுகளுக்கெல்லாம் மயிர் தானாகவே கொட்டியிருக்க வேண்டும். இனி மறைத்துப் பயனில்லை என்று நான் மிச்சத்தையும் சொன்னேன். தூலம், அக்கா, துணிக்கடை எல்லாம். மிஸஸ் கிளெக் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான். பிறகு டோலினா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"எங்க ஊர்ல கேக்க மாட்டோம்."

"எங்க ஊர்ல கேக்காம இருந்தாத்தான் கோவிச்சுக்குவோம். இப்ப நான் கோவமா இருக்கேன், தெரியுதா?"

பார்த்தால் கோபமாகத் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். மரத்தைத் தருகிறேன், ஆனால் நான் உட்கார ஒரு துண்டு அதே இடத்தில் எனக்கென்று இருக்க வேண்டும், அதை யாருக்கும் தரமாட்டேன் என்றார். டோலினா சரி என்று தலையை ஆட்டினாள்.

ஒரு சிக்கல் இருந்தது. வைத்தவர் கைதான் கல்லை எடுக்க வேண்டும். ஓடையோ இறங்கவில்லை. அதனால் மிஸஸ் கிளெக் ரயிலை விட்டுவிட்டார். டோலினா வீட்டில் தங்கி, அவள் தேநீரைக் குடித்துப் பார்த்து, கெட்டிலை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாகக் கேள்வி. தண்ணீர் வடிந்ததும் இரும்புப் பெட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வகுப்பில்தானே போகிறோம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் வண்டி ஓட்டும்போது பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கல்லை எடுத்தார். வில்லி ரம்பத்தோடு தயாராக இருந்தான். அவர் காட்டிய இடத்தில் ஒரு துண்டு அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சங்கிலி கட்டி நான் மணல் வழியாக இழுத்தேன். நீளவாக்கில் பிளந்து ஓடைக்குக் குறுக்கே போட்டோம். பலகைக்கு ஊரில் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு பழைய கோழிக்கூண்டுக் கதவும் அடக்கம். இத்தனை நாள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதற்கு வேறு எப்படிப் பரிகாரம் தேடுவது?

பாலம் கொஞ்சம் குறுகல்தான். பருத்த ஆட்கள் பக்கவாட்டில் நகர வேண்டும், நடுவில் போனால் லேசாக ஆடும். டோலினா அதையும் ஒரு சிறப்பு என்று சொல்லி ஆள் பிடிக்கிறாள். முதல் நாள் முதலில் தாண்டியது என்னுடைய கிழட்டு ஆடு ஒன்று. நடுவில் நின்று புழுக்கை போட்டுவிட்டுப் போயிற்று. வில்லி அதைத் திறப்பு விழா என்றான்.

மயிர் வெட்டும் வேலை தொடங்கிய அன்று மத்தியானம் கத்திரி கேட்டு டோலினா வீட்டுக்குப் போனேன். அக்கா பெக்கியோடு தொலைபேசியில் இருந்தாள். துணிக்கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று போலிருக்கிறது. பெக்கி போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நல்ல வேலை, நல்ல சூடான கடை, கூரை ஒழுகாது, மண்டையில் மூளை இருந்தால் இப்படிச் செய்வாயா என்று விடாமல் போய்க்கொண்டிருந்தது. டோலினா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தொலைபேசியை ஜன்னல் விளிம்பில் மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறவர்களுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். எனக்கும் ஒன்றைத் தள்ளினாள். பெக்கி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.