நாலில் ஒன்று சரி

நாலு ஆங்கில வசனங்களைக் கொடுத்து, சரியானதன் கீழே கோடு போடச் சொல்லிப் பழக்குவது என் பிழைப்பு. பரீட்சை மண்டபத்தில் பேனையைக் கடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால், என் கஷ்டத்தை உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம். குண்டசாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வரும் பெரியவர்கள்.

ஏழு மணி பஸ்

ஜெயராணி தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவள். கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதி இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. வயதெல்லை நெருங்கிவிட்டதால் இதுதான் கடைசி வாய்ப்பு.

முதல் நாள் பயிற்சியில் ஒரு கேள்வியை அப்படியே விட்டிருந்தாள். 'பஸ் தினமும் ஏழு மணிக்கு வருகிறது' என்பதை நாலு விதமாக எழுதியிருந்த கேள்வி அது. இலக்கணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"எங்க பஸ் ஒரு நாளும் ஏழு மணிக்கு வந்ததில்லீங்க டீச்சர். நாலுமே பொய்."

நாளைய வசனம்

நோய் பக்கத்துக் கதிரைக்கும் தொற்றியது. மடவளையில் பாலர் பாடசாலை நடத்தும் ரிஸ்மியா, 'நான் நாளை வருவேன்' என்ற வசனத்தில் கோடு போடாமல் பேனையை மூடிவிட்டாள். வசனம் சரிதானே என்றேன். சரிதான், ஆனால் பாதிதான் இருக்கிறது என்றாள்.

"இன்ஷா அல்லாஹ் இல்லாம நாளைக்கு வாரேன்டு எப்டி டீச்சர் சொல்லுற?"

பிரவுன் வந்தார்

இப்படியே போனால் இரண்டு பேரும் ஃபெயில், என் வகுப்புக்கும் பூட்டு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. வசனத்தில் வரும் 'நான்' நீங்கள் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிற பிரவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் பொய் சொன்னால் பாவமும் அவருக்கே என்று கண்டிப்பாகச் சொன்னேன். ரிஸ்மியா ஒருமாதிரி சமாதானமாகி, ஒவ்வொரு வசனத்துக்கும் வாய்க்குள் இன்ஷா அல்லாஹ் சேர்த்துக்கொண்டு கோடு போட்டாள். ஜெயராணி மசியவில்லை.

"அப்ப பிரவுனே வந்து எழுதட்டுங்க டீச்சர். வேலைய மட்டும் எனக்குக் குடுத்தா போதும்."

சொந்த வீடு

பரீட்சை நாளும் வந்தது. பின்னேரம் ஜெயராணி நேரே வகுப்புக்கு வந்து கேள்வித்தாளை நீட்டினாள். ஒரு கேள்வியில் என் கண் நின்றது. நாலு வசனமும் 'நாங்கள் எங்கள் சொந்த வீட்டில் வசிக்கிறோம்' என்பதன் நாலு வடிவம்தான்.

அவள் பிறந்ததிலிருந்து இருப்பது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில். படுக்க ஒரு காம்பரா, சமைக்க முன்னால் ஒரு குசினி, இரண்டுமே தோட்டத்துக்குச் சொந்தம். பஸ்ஸுக்கே இவ்வளவு பிடிவாதம் பிடித்தவள் இதை எப்படி எழுதியிருப்பாள்? இதையும் விட்டுவிட்டாயா என்று கேட்கவே பயமாக இருந்தது. இல்லை, கோடு போட்டேன் என்றாள். பிரவுனை நினைத்துக்கொண்டாயா என்றேன். தலையாட்டி மறுத்தாள்.

"இன்னைக்குப் பொய்தாங்க டீச்சர். வேல கெடைச்சா உண்மையாக்கிடுவேன்னு நெனச்சுத்தான் கோடு போட்டேன்."

வேலை கிடைத்துவிட்டது, வீடு இன்னும் இல்லை. ஆனாலும் ஊரார் வசனத்தையெல்லாம் திருத்தியே சாப்பிடுகிற எனக்கு, அவள் சொன்ன அந்த வசனத்தில் திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.