நீலக் கதவும் பச்சைக் கொடியும்

பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்பத்திரியிலோ கல்யாண மண்டபத்திலோ தரையைத் துடைத்துவிட்டுப் போனால் மற்றவர்களுக்குச் சுத்தம் நினைவுக்கு வரலாம்; எனக்கு எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் பின்பக்கத்தில், நீலப் பெயிண்ட் அடித்து, பெரிய பூட்டு தொங்கிய ஒரு கதவுதான் வரும். பெண் பிள்ளைகளுக்கென்று கட்டிய கழிப்பறை அது. வெள்ளிக்கிழமைதோறும் ஆயாம்மா அதைத் திறந்து, யாரும் மிதிக்காத தரையைக் கழுவி, பினாயில் ஊற்றி, மறுபடியும் பூட்டுவார். சாவி ஹெச்.எம். சாரின் மேசை டிராயருக்குப் போய்விடும். "ஆபீசர் வந்தா பாக்கணும். உங்கள வுட்டா நாறடிச்சிடுவீங்க" என்பார் அவர்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் இருந்தது. வாரம் முழுக்க ஒருவர்கூட விடுப்பு எடுக்காத வகுப்புக்குத் திங்கட்கிழமை பிரேயரில் பச்சைக் கொடி ஒன்றைக் கொடுப்பார்கள். அது அந்த வாரம் வகுப்பு வாசலில் தொங்கும். கொடிக்காக நாங்கள் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. வராதவர்களைக் கூட்டிவர வகுப்புக்கு வகுப்பு ஒரு "ஆள் புடிக்கிற செட்டு" உண்டு. எட்டாம் வகுப்பு லீடர் என்பதால் நானும், என்னோடு தடிமாடுகளாக நான்கு பையன்களும் எங்கள் செட்டு. ஏரியில் மீன் பிடிக்கப் போனவன், காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தவன் எல்லோரையும் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வருவோம், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. வந்த பிள்ளை அவசரத்துக்கு எங்கே போகும் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தனம். கணக்கில் புலி, எனக்குப் பின்னம் புரிந்தது வாத்தியாரால் அல்ல, அவளால்தான். வயசுக்கு வந்த பிறகு மாதத்தில் சில நாட்கள் அவள் வராமல் இருக்க ஆரம்பித்தாள். வருகிற நாட்களிலும் மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். நாங்களெல்லாம் வேலிக்காத்தான் புதர் மறைவுக்கு ஓடுவோம், மறைவு என்று பேர்தானே தவிர, சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தனத்தால் அது முடியவில்லை. அவளால் கொடி போகிறது என்று பையன்கள் அவளுக்குக் "கொடித்திருடி" என்று பட்டம் வைத்தார்கள். ஹெச்.எம். சார் காதிலும் அது விழுந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் எங்கள் செட்டு அவள் வீட்டுக்குப் போனது. முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களோடு அவள் அம்மா வாசலில் வந்து நின்றார். "சும்மா சும்மா வந்து நிக்கிறீங்களே, எம்பொண்ணு அங்க வந்தா எங்கடா போவா? உங்க சார அந்த நீலக் கதவத் தொறக்கச் சொல்லுங்க. நானே கொண்டாந்து வுடுறேன்" என்றார். பையன்களில் ஒருவன் திரும்பி வந்து அதை வகுப்பில் அப்படியே ஒப்பித்துவிட்டான். பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஹெச்.எம். சார் சாக்பீஸை வைத்துவிட்டு, "வீட்லயே போயிட்டு வர்றதுக்கு என்னாவாம்? இங்க படிக்க வராளா, அதுக்கு வராளா?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. படித்த மனுஷர், வீட்டில் தமக்கும் இரண்டு பெண்கள் இருந்தவர், அப்படித்தான் பேசினார்.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. அன்றைக்கு ஒருத்தர் குறையக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. கதவு திறந்திருக்கும் என்று சொல்லித்தான் தனத்தை அழைத்து வந்தோம், உண்மையிலேயே திறந்திருந்தது. வாளியில் தண்ணீர், புது மக், உறை பிரிக்காத சோப்பு. இரண்டாவது பீரியடில் தனம் எழுந்து அங்கே போனாள், துணைக்கு நானும் போனேன். சார் ஓடிவந்து வாசலில் கையை நீட்டி மறித்தார். "இப்பதாம்மா கழுவி வெச்சிருக்கு. ஆபீசர் பாத்துட்டுப் போவட்டும், அப்பறம் பாக்கலாம்."

ஆபீசர் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். எட்டிப் பார்த்து, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. தனம் பாவாடையின் பின்பக்கத்தைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு, மதிய வெயிலில் தனியாக வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் நாங்கள் போனபோது அவள் அம்மா எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் இல்லாத பிள்ளை வராமல் போக முடியாதல்லவா, அடுத்த திங்கட்கிழமையே எங்கள் வகுப்புக்குப் பச்சைக் கொடி கிடைத்தது. பிரேயரில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பின்னம் சொல்லித்தந்தவள் அந்த நேரம் அம்மாவோடு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். ஆள் புடிக்கிற செட்டும் இல்லை, கொடியும் இல்லை. என் மகளும் எட்டாவதுதான் படிக்கிறாள். கொஞ்ச நாளாக அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வருகிறது. கேட்டால், "பாத்ரூம் சாவி ஆபீஸ் ரூம்ல இருக்கும்மா. போய்க் கேட்டா எல்லாரும் பாக்கறாங்க" என்கிறாள். இன்று வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் என் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை, தவறாமல் அனுப்பி ஒத்துழைக்கவும்.

காரணத்தை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். போகவில்லை. அந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப முடியாதாம். தனத்தின் அம்மாவுக்காவது திட்டித் தீர்க்க வாசலில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம்.

நாளைக்கு மகளோடு நானும் பள்ளிக்குப் போகிறேன். அந்தச் சாவி என் கைக்கு வராமல் நான் ஆபீஸ் ரூமை விட்டு நகர்வதாக இல்லை.